எண்பதுகளின் ஹார்ட் ராக்: சாயலா, தழுவலா, களவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளின் ஹார்ட் ராக் பாடல்களில் கொஞ்சம் ஊறிய எவருக்கும் ஒரு கட்டத்தில் சந்தேகம் எழும்: இதை ஏற்கெனவே எங்கோ கேட்டிருக்கிறோமே! சில பாடல்களில் அந்தச் சந்தேகம் முற்றிலும் சரி. வேறு சிலவற்றில் இசைக்கலைஞர் மேல் எந்தத் தவறும் இல்லை, வீண்பழிதான். இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டால் இந்தப் பாடல்கள் மேலுள்ள பிரியம் கூடுமே தவிரக் குறையாது என்பது என் உறுதியான எண்ணம். புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பாடல்களும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவே, இது என் பிரமையா?

பிரமை இல்லை. ஆனால் உங்கள் காதில் விழும் ஒற்றுமையில் பெரும்பங்கு மெட்டில் இல்லை, ஒலியில் இருக்கிறது.

டிரம்ஸ் அடி பெரிதாக வெடித்து, அதன் எதிரொலி சட்டென்று அறுந்து நிற்கும் அந்த ஓசையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1979இல் லண்டனின் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஹாமும் டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸும் கண்டெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது எல்லாருடைய சொத்தாகிவிட்டது. கிதாரின் கழுத்துப் பகுதியில் இரு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் முறையை எடி வான் ஹேலன் 1978இல் வெளியான முதல் ஆல்பத்திலேயே உச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அது இல்லாத கிதார் தனி ஆவர்த்தனத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை.

பாடல்களை உருவாக்கிய ஆட்களும் பெரும்பாலும் ஒரே சிலர்தான். கனடாவில் வான்கூவர் நகரின் லிட்டில் மவுண்டன் சவுண்ட் கூடத்தில் தயாரிப்பாளர் புரூஸ் ஃபேர்பேர்ன் 1986இல் பான் ஜோவியின் ‘ஸ்லிப்பரி வென் வெட்’ ஆல்பத்தை உருவாக்கினார். அதே கூடத்தில் 1987இல் ஏரோஸ்மித்தின் ‘பர்மனெண்ட் வெகேஷன்’, 1989இல் ‘பம்ப்’. ஃபேர்பேர்னிடம் ஒலிப்பொறியாளராக இருந்த பாப் ராக் 1989இல் மாட்லி க்ரூவின் ‘டாக்டர் ஃபீல்குட்’ ஆல்பத்தைத் தயாரித்ததும் அங்கேதான். ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலர் அதில் பின்னணிக் குரலும் கொடுத்தார். இப்படி ஒரே கூரையின் கீழ் பிறந்த ஆல்பங்களுக்குள் முகச்சாயல் இருக்கத்தான் செய்யும். அதைக் களவு என்று சொல்வது அநியாயம்.

ஸ்வர வரிசையும் கார்டுகளும்கூட ஒன்றாக இருக்கின்றனவே?

ஆமாம். ஹார்ட் ராக்கின் ரிஃப்களில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகளில், பெரும்பாலானவை ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வழியாக வந்த ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடும். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம்: அந்த ஐந்தும் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களேதான். ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசியில் அமைந்த இரண்டு கிருதிகளைக் கேட்டுவிட்டு, ஒன்று மற்றதன் காப்பி என்று எந்த ரசிகராவது சொல்வாரா? மாட்டார். அதே நியாயத்தை இங்கேயும் காட்ட வேண்டும்.

கார்டுகளிலும், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளிலும், அப்படித்தான். மைனரில் தொடங்கி, ஆறாம் படிக்குப் போய், ஏழாம் படி வழியாகத் திரும்பும் நடை ஒன்று உண்டு. ஈ மைனர், சி, டி என்று கிதாரில் வாசித்துப் பாருங்கள். பத்து பாடல்களாவது ஒரே நேரத்தில் நினைவுக்கு வரும். பான் ஜோவியின் ‘லிவிங் ஆன் எ ப்ரேயர்’ கோரஸில் (பல்லவி போலத் திரும்ப வரும் பகுதி) அது இருக்கிறது. 1970இல் எரிக் கிளாப்டன் பாடிய ‘லைலா’ கோரஸிலும், வேறு சுருதியில், அதே நடைதான். இது எவருக்கும் சொந்தமில்லை. ஸ்வர வரிசை, கார்டு வரிசை, தாள நடை மூன்றும் பொதுச் சொத்து. அவற்றின் மேல் ஒருவர் கட்டும் குரல் மெட்டும், தனித்துத் தெரியும் ரிஃபும்தான் அவருக்குரியவை. இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வழக்குகளுக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

உண்மையிலேயே ஒரே மெட்டு இரண்டு பாடல்களில் வந்ததுண்டா?

உண்டு, அதுவும் ஒரே ஆண்டில். என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பில் முதலில் கேட்க வேண்டிய ஜோடி இதுதான்.

1986இல் வேல்ஸ் நாட்டுப் பாடகி போனி டைலர் ‘இஃப் யூ வேர் எ வுமன் (அண்ட் ஐ வாஸ் எ மேன்)’ என்ற பாடலை வெளியிட்டார். எழுதியவர் பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்ட், தயாரித்தவர் ஜிம் ஸ்டைன்மன். பிரான்சில் நன்றாக விற்றது; அமெரிக்காவில் எடுபடவில்லை. சைல்டுக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கோரஸ் பெரிய வெற்றி பெறத் தக்கது என்பதில் அவருக்குத் துளியும் ஐயம் இருந்ததில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்தச் சமயத்தில்தான் நியூஜெர்சியில் பான் ஜோவி குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி சம்போராவின் பெற்றோர் வீட்டு அடித்தள அறைக்கு, குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவியோடும் சம்போராவோடும் சேர்ந்து பாட்டெழுதப் போகிறார். கையில் ஒரு தலைப்பு: ‘யூ கிவ் லவ் எ பேட் நேம்’. நெஞ்சில் அந்தப் பழைய கோரஸ்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். டைலரின் கோரஸ் நான்கு வரி. நான்காம் வரியில் தலைப்பு வந்து விழுகிறது. பான் ஜோவியின் கோரஸும் நான்கு வரி. நான்காம் வரியில் தலைப்பு. குரல் ஏறும் இடம், மூச்சு விடும் இடம், கடைசியில் ஆதார ஸ்வரத்தில் வந்து அமரும் விதம் எல்லாம் ஒன்று. டைலரின் சொற்களை பான் ஜோவியின் இசைக்கு மேல் பாடினால் சிறு பிசிறுகூட இல்லாமல் பொருந்தும். மாறியது வேறு. டைலர் பாடலில் கோரஸ் தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. பான் ஜோவி பாடலில் இசைக்கருவி எதுவும் இல்லாமல் குரல்கள் மட்டும் கோரஸை எடுத்தவுடனேயே கத்துகின்றன. அதற்குப் பிறகுதான் கிதார் நுழைகிறது. பாடலின் மிகச் சிறந்த பொருளை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். 1986 நவம்பரில் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

இன்னொரு சுவாரசியம்: ‘ஷாட் த்ரூ த ஹார்ட்’ என்ற தொடக்கச் சொற்றொடரும் புதிதல்ல. 1984இல் வந்த பான் ஜோவியின் முதல் ஆல்பத்தில் அதே தலைப்பில் வேறொரு பாடல் இருக்கிறது. ஆக, மெட்டு சைல்டின் பழைய சரக்கு, சொல் ஜானின் பழைய சரக்கு. இரண்டும் சேர்ந்து பிறந்த பாடல் இரண்டையும் விடச் சிறந்தது. தன் மெட்டைத் தானே எடுத்துத் திருத்தியதை நான் குறையாகவே பார்க்கவில்லை. ஒரு கைவினைஞரின் பிடிவாதம் அது.

தன் பாடலைத் தானே காப்பியடித்ததாக ஒருவர் மேல் வழக்குப் போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள்! பாடலின் உரிமை வேறொருவர் கையில் இருந்தால் இது நடக்கும். க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஜான் ஃபோகர்ட்டி 1970இல் எழுதிய ‘ரன் த்ரூ த ஜங்கிள்’ பாடலின் உரிமை ஃபேன்டஸி நிறுவனத்திடம் இருந்தது. 1984 கடைசியில் அவர் தனியாக ‘தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு’ பாடலை வெளியிட்டபோது, இது எங்கள் பாடலின் நகல் என்று அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஃபோகர்ட்டி கிதாரோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். இரண்டையும் வாசித்துக் காட்டி, இது என் நடை, நான் எதை எழுதினாலும் இந்த மணம் வரத்தான் செய்யும் என்பதை விளக்கினார். 1988இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவைத் தனக்குத் தர வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1994இல் அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. ஃபோகர்ட்டியின் இசை ஹார்ட் ராக் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் நடை வேறு, மெட்டு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்கில்லாமல் தன் பாட்டைத் தானே புதுப்பித்தவர்களும் உண்டு. வைட்ஸ்நேக் 1982இல் பதிவு செய்த ‘ஹியர் ஐ கோ அகெய்ன்’ ப்ளூஸ் மணம் கொண்ட அடக்கமான பாடல். அதையே 1987இல் பளபளப்பாக மறுபதிவு செய்தார்கள், அமெரிக்காவில் முதலிடம். எனக்கு முதல் வடிவத்தின் ஆர்கன் இசைமேல் தனிப் பிரியம். ஆனால் வெற்றி எந்த வடிவத்துக்குப் போனது என்பது தெரிந்ததே.

லெட் செப்பலினை அப்படியே நகலெடுத்த குழுக்கள் என்று யாரைச் சொல்கிறார்கள்?

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1980 செப்டம்பரில் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் இறந்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே லெட் செப்பலின் கலைந்தது. உலகின் மிகப் பெரிய ஹார்ட் ராக் குழுவின் இடம் திடீரென்று காலியானது. ரசிகர்களின் பசி மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பலர் அந்த இடத்தை நோக்கி நகர்ந்ததில் வியப்பில்லை. 1981இல் பில்லி ஸ்குவயரின் ‘லோன்லி இஸ் த நைட்’ வந்தது. செப்பலின் கிதார் நடையும் பானமின் கனமான டிரம்ஸ் நடையும் அதில் அச்சு அசலாக ஒலிக்கும்.

மிகவும் திட்டு வாங்கியது கிங்டம் கம். ஜெர்மானியரான லென்னி வுல்ஃப் பாடிய ‘கெட் இட் ஆன்’ 1988இல் வந்தபோது, அதன் ரிஃப் செப்பலினின் ‘காஷ்மீர்’ பாடலை நினைவூட்டியது. குரலோ செப்பலின் பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரலைப் போலவே இருந்தது. அடுத்த ஆண்டே கேரி மூர், ஓஸி ஆஸ்போர்னைப் பாட வைத்து ‘லெட் க்ளோன்ஸ்’ என்ற பாடலில் இப்படிப்பட்டவர்களை வெளுத்து வாங்கினார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாடலும் ‘காஷ்மீர்’ பாணியிலேயே அமைந்தது. கிங்டம் கம் குழுவை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன், வாசிப்பு அருமை. ஆனால் குரல், ரிஃப், டிரம்ஸ் ஓசை என எல்லாமே ஒரே மூலத்திலிருந்து வரும்போது, அவர்களுடையது என்று சொல்ல என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு அந்த ஆல்பத்தில் பதில் கிடைப்பதில்லை.

வைட்ஸ்நேக்கின் ‘ஸ்டில் ஆஃப் த நைட்’டும் அதே ரகமா?

சாயல் அப்பட்டமாக இருக்கிறது, மறுக்க முடியாது. இசை முழுக்க நின்றுவிட, வைட்ஸ்நேக் பாடகர் டேவிட் கவர்டேல் தனியாக ஒரு வரி பாட, குழு மொத்தமும் ரிஃபால் பதில் சொல்கிறது. இது செப்பலினின் 1971ஆம் ஆண்டுப் பாடலான ‘பிளாக் டாக்’ வடிவம். நடுவில் எல்லாம் அடங்கி, மூச்சும் முனகலுமாகப் போகும் பகுதி அவர்களுடைய 1969இன் ‘ஹோல் லாட்டா லவ்’ வழியில் வந்தது. போதாததற்கு வீடியோவில் ஏட்ரியன் வாண்டன்பெர்க் கிதாரை வயலின் வில்லால் வாசிக்கிறார். செப்பலினின் ஜிம்மி பேஜ் மேடையில் செய்து புகழ்பெற்ற வித்தை அது.

ஆனாலும் இதை கிங்டம் கம்மோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒலிப்பதிவில் வாசித்த ஜான் சைக்ஸின் கிதார் ஒலி பேஜுடைய ஒலியே அல்ல. தடித்த, கூர்மையான, முழுக்க எண்பதுகளுக்கே உரிய ஒலி. தன் தாயார் வீட்டில் கிடைத்த ஒரு பழைய டெமோவிலிருந்து (மாதிரிப் பதிவு), தன் முந்தைய குழுவான டீப் பர்ப்பிள் காலத்துச் சகா ரிச்சி பிளாக்மோருடன் செய்ததிலிருந்து, இப்பாடல் முளைத்ததாக கவர்டேல் சொல்லியிருக்கிறார். தவிர, ‘பிளாக் டாக்’ வடிவமும் செப்பலினின் கண்டுபிடிப்பு இல்லை. குரலும் ரிஃபும் மாறி மாறி வரும் அந்த அமைப்புக்கு ஃப்ளீட்வுட் மேக்கின் 1969ஆம் ஆண்டுப் பாடல் ‘ஓ வெல்’ தூண்டுதல் என்று பேஜே சொன்னதுண்டு. அதற்கும் பின்னால் போனால் கேள்வியும் பதிலுமாகப் பாடும் கறுப்பின மக்களின் பாடல் மரபு நிற்கிறது.

அப்படியானால் லெட் செப்பலினே கடன் வாங்கியவர்கள்தானே?

ஆமாம், இதைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. ப்ளூஸ் மேதை வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ‘யூ நீட் லவ்’ பாடலின் வரிகள் ‘ஹோல் லாட்டா லவ்’வில் தெளிவாகத் தெரிகின்றன. இடையில் 1966இல் ஸ்மால் ஃபேசஸ் குழு பாடிய வடிவத்தின் குரல் பாணியும் அதில் உண்டு. டிக்சன் பெயர் இசைத்தட்டில் இல்லை. அவர் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் சமரசம் ஆனது. பிறகு பெயர் சேர்க்கப்பட்டது. அதாவது செப்பலின் நகல்கள் அமெரிக்க வானொலியில் கொடிகட்டிப் பறந்த அதே ஆண்டில், மூலப் பாடலாசிரியருக்கு உரியது வந்து சேர்ந்திருக்கிறது, பதினெட்டு ஆண்டு தாமதமாக. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மெட்டை எடுத்ததற்காக அல்ல, பெயரை மறைத்ததற்காக.

பிளாண்ட் நகலெடுப்பவர்களுக்குத் தந்த பதில் அழகானது. 1988இல் தன் ‘டால் கூல் ஒன்’ பாடலில் செப்பலின் பாடல்களின் துண்டுகளைத் தானே வெட்டி ஒட்டினார். கிதார் வாசிக்க பேஜையே அழைத்துக்கொண்டார்.

‘வீ ஆர் நாட் கானா டேக் இட்’ ஒரு கிறிஸ்துமஸ் பாட்டா?

கோரஸின் தொடக்கத்தை மெதுவாக முனகிப் பாருங்கள். தேவாலயங்களில் பாடப்படும் ‘ஓ கம், ஆல் யே ஃபெய்த்ஃபுல்’ கேட்கும். இதைப் பாடிய டுவிஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ஒற்றுமையை ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, 2006இல் குழு வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் அந்தப் பக்திப் பாடலை, தங்கள் 1984ஆம் ஆண்டுப் பாடலின் இசை அமைப்பிலேயே பாடினார்கள். கேட்டால் சிரிப்பு வரும், கூடவே மதிப்பும் வரும்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. ஆஸ்திரேலிய அரசியல்வாதி கிளைவ் பாமர் தன் தேர்தல் விளம்பரத்துக்கு அனுமதி பெறாமல் டுவிஸ்டட் சிஸ்டர் மெட்டைப் பயன்படுத்தினார். வழக்கு வந்தபோது, பழைய பக்திப் பாடலைச் சுட்டிக்காட்டும் வாதமும் அவர் தரப்பில் வந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2021இல் 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. பொதுச் சொத்திலிருந்து ஒரு விதையை எடுத்தாலும், அதன் மேல் ஒருவர் வளர்த்தது அவருக்கே சொந்தம்.

‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ ஆஸ்திரேலியப் பாடல் ஒன்றின் நகல் என்கிறார்களே?

ஆஸ்திரேலியன் க்ரால் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடல் ‘அன்பப்ளிஷ்டு கிரிட்டிக்ஸ்’ பற்றிய பேச்சு இது; 2015இல் கிளம்பியது. சரணத்தின் போக்கிலும் கார்டுகளிலும் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் உலகமே அடையாளம் காணும் அந்தக் கிதார் தொடக்கம் அதில் கிடையாது. தாங்கள் அந்தப் பாடலைக் கேட்டதே இல்லை என்றார் ‘ஸ்வீட் சைல்ட்’ பாடலை வெளியிட்ட கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் டஃப் மெக்கேகன். நான் நம்புகிறேன். பொதுவான கார்டுகளில் இருவர் தனித்தனியாக ஒரே வழியில் நடப்பது அபூர்வமே அல்ல.

ஒரே பாடலைப் பல குழுக்கள் சொந்தப் பாடல் போலவே வெளியிட்டதுண்டா?

‘ஹைட் யுவர் ஹார்ட்’ பற்றிக் கேட்டால் அசந்துபோவீர்கள். கிஸ் குழுவின் பால் ஸ்டான்லி, டெஸ்மண்ட் சைல்ட், ஹாலி நைட் மூவரும் எழுதியது. 1988இல் போனி டைலர் பாடினார். 1989இல் கிஸ் பாடியது. கிஸ்ஸை விட்டு விலகியிருந்த ஏஸ் ஃப்ரேலியும் அதே ஆண்டு பாடினார். மாலி ஹேட்செட் பாடியது. ராபின் பெக்கும் பாடினார். காரணம் எளிது: நல்ல கோரஸ் எழுதத் தெரிந்தவர்கள் சிலரே, கேட்டு வந்த குழுக்கள் ஏராளம்.

ஹார்ட் குழுவின் ‘அலோன்’ 1987இல் முதலிடம் பிடித்தது. அதை எழுதிய இருவரும் ஐ-டென் என்ற பெயரில் 1983இலேயே பாடி வெளியிட்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

மெட்டாலிகாவும் மெகாடெத்தும் ஒரே ரிஃபை வைத்திருப்பது ஏன்?

எழுதியவர் ஒருவரே என்பதால். டேவ் மஸ்டேன் மெட்டாலிகாவில் இருந்தபோது கொண்டுவந்த பாடல் அது. 1983இல் அவரை வெளியேற்றிய பின், சொற்களை மாற்றி, நடுவில் மெதுவான பகுதி ஒன்றைச் சேர்த்து ‘த ஃபோர் ஹார்ஸ்மென்’ என்று மெட்டாலிகா வெளியிட்டது. அவர் பெயரையும் போட்டது. 1985இல் மஸ்டேன் தன் புதுக் குழுவான மெகாடெத்தில் பழைய சொற்களோடு, இன்னும் பல மடங்கு ஆவேசமான வேகத்தில் ‘மெக்கானிக்ஸ்’ என்று வெளியிட்டார்.

ஒற்றுமை தெரிந்ததும் பெயர் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டா?

ஏரோஸ்மித்தின் ‘தி அதர் சைடு’ (1989). ஃபோர் டாப்ஸ் குழு 1966இல் பாடிய ‘ஸ்டேண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் லவ்’ மெட்டோடு ஒற்றுமை இருப்பதாக அதன் ஆசிரியர்களான ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் தரப்பு சொல்ல, அவர்கள் பெயரும் சேர்க்கப்பட்டது. டெட்ராயிட் நகரின் சோல் பாடலுக்கும் (கறுப்பின மக்களின் இன்னொரு இசை வகை) பாஸ்டனின் ஹார்ட் ராக்குக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நானே இப்படிப்பட்ட ஒற்றுமைகளைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

முதலில் இசை இல்லாமல் கோரஸை மட்டும் பாடுங்கள். குரல் மெட்டு தனியாக நின்றும் ஒற்றுமை தெரிந்தால் விஷயம் இருக்கிறது; இசையோடு கேட்டால் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒலிப்பதிவின் வேலை. அடுத்து ரிஃபை மேஜையில் தட்டிப் பாருங்கள். தாளம் மட்டும் ஒத்துப்போனால் அவசரப்படாதீர்கள். பிறகு இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது பழைய பாடல் இருக்கிறதா என்று தேடுங்கள்; ப்ளூஸில் பெரும்பாலும் கிடைக்கும். கடைசியாக, ஆல்பத்தில் எழுதியவர்கள் பெயரைப் படியுங்கள். மர்மம் என்று நினைத்த பாதி அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பழக நல்ல வரிசை ஒன்று சொல்கிறேன். பான் ஜோவியின் 1984ஆம் ஆண்டு ‘ஷாட் த்ரூ த ஹார்ட்’, போனி டைலரின் 1986ஆம் ஆண்டுப் பாடல், ‘யூ கிவ் லவ் எ பேட் நேம்’, அப்புறம் 2020இல் ஏவா மேக்ஸ் பாடிய ‘கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்’. கடைசிப் பாடலின் கோரஸ் வந்ததும் எழுதியவர்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள்: டெஸ்மண்ட் சைல்ட் அங்கே இருக்கிறார்.